வேலை பார்க்க, பெண் பார்க்க

துரைசானி எங்கள் கடையில் நின்று முதன்முதலாகச் சொன்ன வாக்கியத்தைக் கேட்டதும் என் மாமா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டார். இது ஐம்பதுகளின் பிற்பாதியில், போடியில், அப்பாவின் பலசரக்குக் கடையில் நடந்தது. மலையில் இருந்த ஏலத்தோட்டங்களுக்கு அரிசியும் கருவாடும் கம்பளியும் அனுப்புவது அப்பாவின் தொழில். அம்மாவின் தம்பியான மாமா பாதி நாள் கடையில் வியாபாரம் பார்ப்பார், மீதி நாள் ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை பார்ப்பார். இரண்டாவது வேலையில்தான் அவருக்குக் கெட்டிக்காரர் என்ற பெயர்.

துரைசானி என்று எல்லோரும் சொன்னது ஒரு தோட்டத்துத் துரையின் மனைவியை. வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தும் மலையில் ஒன்றிரண்டு பேர் தங்கிவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய சாமான்களைக் கணக்கப்பிள்ளைதான் எழுதி அனுப்புவார். அன்று என்னவோ துரைசானியே ஜீப்பில் இறங்கி வந்திருந்தார். கடைக்குள் நுழைந்து அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஐ டோன்ட் ஸீ வாட் ஐ வான்ட்" என்றார்.

மாமாவுக்கு இங்கிலீஷில் நாலைந்து சொற்கள் தெரியும். அவற்றில் ‘டோன்ட்’, ‘ஸீ’ இரண்டும் இருந்தன. "கண்ணு தெரியலையாம் மச்சான். கண்ணாடிய எங்கிட்டோ விட்டுட்டு வந்துட்டாக போல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தன் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து நீட்டினார். துரைசானி அதை வாங்கிக்கொண்டு திகைத்தார். பிறகு மரியாதைக்காக ஒருமுறை போட்டுக்கொண்டார்.

நான் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டோடு இருந்த காலம். வயதுப் பெண் கடைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாமாவின் கண்ணாடியோடு துரைசானி நின்ற கோலத்தைப் பார்த்தபின் சட்டமாவது ஒன்றாவது. வெளியே போய், என்ன வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டேன். காஸ் லைட்டில் மாட்டி எரிக்கும் மேண்டில் வலை வேண்டுமாம். மேல் தட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். துரைசானி கண்ணாடியை மாமாவிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கே படித்தாய், எதுவரை படித்தாய் என்று விசாரித்தார். நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் படித்தது மதுரையில், கன்னியாஸ்திரீகளின் விடுதிப் பள்ளியில். அங்கே பாடப்புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ் வேறு, அவர்கள் வாயில் இருந்த இங்கிலீஷ் வேறு. புத்தகத்தில் ராஜாக்களும் கப்பல்களும் வந்தன. வாயில் வந்ததெல்லாம் வான்டும் ஸீயும் ஹியரும்தான். உன் நகங்களைப் பார்க்க விரும்புகிறேன் என்பார்கள். யாரும் எங்கள் நகங்களை ஆசையோடு பார்க்கவில்லை. கையை நீட்டு என்று அதற்குப் பொருள். ஒரு சத்தமும் கேட்க விரும்பவில்லை என்றால் வாயை மூடு. நீ அப்படிச் செய்வதைப் பார்க்க எனக்கு ஆசை என்று சிரித்துக்கொண்டே சொன்னால், செய்தால் தொலைத்துவிடுவேன் என்று பொருள். மாலையில் உன்னைப் பார்க்க விரும்புகிறேன் என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பெண் மதியச் சாப்பாட்டைத் தொடமாட்டாள். ஆசையைச் சொல்லும் சொல்லைக் கண்ணோடோ காதோடோ சேர்த்துவிட்டால் அது ஆசையாக இருப்பதில்லை, உத்தரவாகிவிடும் என்பதை இலக்கண வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. அடி வாங்கித் தெரிந்துகொண்டோம்.

தமிழில் நமக்கு இந்தச் சங்கடம் வேறு வகையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆசைப்பட்டாலும் பார்க்கணும், கட்டாயமானாலும் பார்க்கணும். இரண்டுக்கும் ஒரே சொல்தான். போதாக்குறைக்கு வைத்தியமும் பார்ப்போம், கணக்கும் பார்ப்போம், வேலையும் பார்ப்போம், பெண்ணும் பார்ப்போம். இதில் கடைசியாகச் சொன்னதுதான் வினையாக வந்தது.

மேண்டில் வாங்கிப் போன சில நாளில் தோட்டத்து ஜீப்பு கடை வாசலில் நின்றது. டிரைவர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், பாதி மலையாளம் பேசுவார். துரைசானியை மதாம்மா என்பார். "முதலாளி, மதாம்மாவுக்கு உங்க மகளப் பார்க்கணுமாம். சனிக்கிழமை ஜீப்பு அனுப்புறோம்னு சொல்லச் சொன்னாங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். தோட்டத்தில் புதிதாக ஒரு கணக்கப்பிள்ளை வந்திருக்கிறான், இளவயது, நம்ம வேதக்காரப் பையன், தாய் தகப்பன் இல்லை, துரைதான் மகனைப் போல வைத்திருக்கிறார் என்கிற சேதியெல்லாம் அவரிடம் முன்பே இருந்தது. பிள்ளை இல்லாத துரைசானி அந்தப் பையனுக்குப் பெண் பார்க்கிறார் என்று நிமிஷத்தில் முடிவு கட்டிவிட்டார். எங்கள் வீடு கிறிஸ்தவ வீடுதான். ஆனாலும் பெண் பார்க்கும் விஷயத்தில் ஊருக்கு என்ன முறையோ அதுதான் எங்களுக்கும். அம்மா அடுப்படியிலிருந்தே ஆட்சேபித்தாள்.

"பொண்ணு பார்க்க அவுக வரணுமா, பொண்ணக் கூட்டிக்கிட்டு நாம போகணுமா? ஊரு சிரிக்காதா?"

"அக்கா, வெள்ளக்காரவுகளுக்கு அந்த முறையெல்லாம் தெரியுமா? ஜீப்பு அனுப்புறாக. அதுவே பெரிசு. நீ பட்டுச் சேலைய வெளிய எடு."

நான் என் பங்குக்கு ஒருமுறை சொன்னேன். இங்கிலீஷில் பார்க்க விரும்புகிறேன் என்றால் ஏதாவது வேலை விஷயமாக இருக்கும் என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கு என்னாத்தா வேலை? கருவாடு நிறுக்கவா?" என்றார். அதற்குமேல் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் மறுபடி சொல்லவும் இல்லை. எப்படியாவது அந்த ஜீப்பில் ஏறி மேலே போய்விட வேண்டும் என்று இருந்தது எனக்கு. அது வேலையாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். வீட்டில் சும்மா இருந்து இருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. அலுப்பு என்பதுகூட மிதமான சொல்தான்.

சனிக்கிழமை அப்பாவும் மாமாவும் நானும் கிளம்பினோம். மலைப்பாதை வளைவுகளில் அம்மாவுக்குத் தலைசுற்றும் என்பதால் அவள் வரவில்லை. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, மடியில் ஒரு தாம்பாளம். அதில் வாழைப்பழமும் வெற்றிலையும் கற்கண்டும். ஒவ்வொரு வளைவிலும் பழம் ஒரு பக்கமாகச் சரிந்தது. மாமா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, பையனிடம் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டு வந்தார். மலை கேரளத்தோடு போய்விட்ட பிறகு மேட்டில் செக்போஸ்ட் வைத்திருந்தார்கள். அங்கிருந்த போலீஸ்காரர் தாம்பாளத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, சிரித்தபடி கட்டையைத் தூக்கிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

பங்களா வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். துரைசானி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு நிறைய நன்றி சொன்னார். வெற்றிலையை முகர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐ வுட் லைக் டு ஹியர் யூ ரீட்" என்றார்.

"என்னாத்தா கேக்குறாக?" என்றார் மாமா.

"நான் வாசிக்கிறதக் கேட்கணுமாம் மாமா."

மாமாவின் முகம் வாடியது. "வீணையா? நம்ம பாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாதே. பாட்டுன்னா பாடும்னு சொல்லு. மாதா பாட்டு ஒன்னு பாடிக் காட்டு."

துரைசானி ஒரு பத்திரிகையைப் பிரித்து என் கையில் கொடுத்ததும்தான் மாமாவுக்கு மூச்சு வந்தது. நான் வாசித்தேன். ஏதோ ஒரு ஊரில் நடந்த பூச்செடிக் கண்காட்சியைப் பற்றிய செய்தி. மாமா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டி, அப்பாவின் காதில் "திக்காமப் படிக்குதுல்ல" என்றார். அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

அடுத்து துரைசானி எழுந்து, சரிவில் கீழே தெரிந்த தகரக் கொட்டகையைக் காட்டி என்னவோ சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார்.

"என்னை அங்க இருக்கிற பிள்ளைகளோட பார்க்கணுமாம்ப்பா" என்றேன்.

"அதெல்லாம் சும்மா சாக்கு மச்சான்" என்றார் மாமா. "நடக்க விட்டுப் பார்க்குறாக. காலு கையி நேரா இருக்கான்னு. நம்ம ஊருல பாட்டிமாரு செய்யிறதுதான். ஆத்தா, மெதுவா நட, வெரசா எறங்காத."

எனக்கு அப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. கொட்டகை தோட்டத்துப் பள்ளிக்கூடம். உள்ளே பெஞ்சுகள்கூடச் சரியாக இல்லை. ஏலக்காய் எடுக்கும் பெண்களின் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். வாத்தியார் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாராம். நான் பட்டுச் சேலையோடு உள்ளே போய் நின்றதும் கல்யாணப் பெண் என்று நினைத்து ஒருத்தி கைதட்டினாள். "சத்தம் கேட்கக் கூடாது" என்றேன். கன்னியாஸ்திரீகளின் குரல் என் தொண்டையிலிருந்து அப்படியே வந்தது. பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். என் தலையிலிருந்த பூவைக் காட்டி, இதன் பெயரை எல்லோரும் ஒருமுறை சொல்லுங்கள் என்று ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. சந்தோஷமாக இருந்தேன். அந்த நாளுக்கு முன்னால் நான் எதற்கும் பயன்பட்டதாக எனக்கு நினைவில்லை.

மேலே திரும்பி வந்தபோது வராந்தாவின் நிலைமை மாறியிருந்தது. நான் இல்லாத நேரத்தில் இளம் கணக்கப்பிள்ளை ஏதோ கையெழுத்துக்கு வந்திருக்கிறார். மாமா அவரைப் பிடித்து உட்கார வைத்து ஊர் எது, சம்பளம் எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் மிரண்டுபோய், "எதுக்குண்ணே கேக்குறீங்க? எனக்கு ஊர்ல நிச்சயம் ஆயிருச்சு. தையில கல்யாணம்" என்று சொல்லியிருக்கிறார். "உங்க பொண்ணப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சரா வைக்கணும்னுதான மேடம் வரச் சொன்னாங்க" என்றும் சொல்லியிருக்கிறார். நான் படியேறும்போது கணக்கப்பிள்ளை போய்விட்டிருந்தார். மாமா எலுமிச்சம்பழத்தைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"கெளம்புவோம் மச்சான்" என்றார் அப்பாவிடம். "பொண்ண வேலைக்கு அனுப்பிக் கஞ்சி குடிக்கிற நெலமையிலயா இருக்கோம்? போடிக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் வீட்டு வாசப்படிய மிதிப்பான்?"

அப்பா எழுந்திருக்கவில்லை. எதற்கும் சட்டென்று பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் பதில் பெரும்பாலும் ‘பார்க்கலாம்’ என்பதாக இருக்கும். அப்பா பார்க்கலாம் என்று சொன்ன எதுவும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. அதைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். கீழே கொட்டகையில் பிள்ளைகள் அந்தப் பூவின் பெயரை இன்னமும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

துரைசானி என் தோளைத் தொட்டார். "ஐ வுட் வெரி மச் லைக் டு ஸீ ஹர் வர்க் ஹியர்" என்று, என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு அவ்வளவு மரியாதை தெரிந்திருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் அப்பா.

"நான் இங்க வேலை பார்க்கணும்ப்பா" என்றேன்.

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "காலையிலேருந்து கேட்கணுமாம், பார்க்கணுமாம்னு சொல்லிக்கிட்டிருந்த. இப்ப பார்க்கணும்ங்கிற. ‘ஆம்’ எங்க போச்சு? இது அவங்க சொல்றதா, நீ சொல்றதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வேண்டுமென்று விட்டதில்லை அது. அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது நாம் ஒட்டுகிற அந்த இரண்டெழுத்தை வாய் தானாகவே விட்டிருந்தது. ஒட்டி மறுபடி சொன்னால் போதும். அப்பா துரைசானிக்கு வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார், என் மேல் யாருக்கும் கோபம் இருக்காது. மாமா என்னை முறைத்துக்கொண்டிருந்தார். நான் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்களும் சொல்றாங்க. ஆனா இது நான் சொன்னதுதான்ப்பா. எனக்கு இந்த வேலை வேணும்."

"கேட்டீகளா மச்சான், எனக்கு வேணும்னு சொல்லுது. பொட்டப்புள்ள வாயி" என்று மாமா ஆரம்பித்தார்.

"மாப்ளே, சும்மா இரு" என்றார் அப்பா. அதன்பின் கொஞ்ச நேரம் எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் பட்டது மரங்களா மூடுபனியா என்று எனக்குத் தெரியாது. "பார்க்கட்டும்" என்றார் கடைசியில். என்னிடமில்லை, துரைசானியிடம். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையே அந்த நேரம் மறந்துவிட்டார்.

துரைசானி என்னைப் பார்த்தார். ‘பார்க்கட்டும்’ என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. யெஸ் என்றேன்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் பெட்டியில் துணிகளை அவளே அடுக்கினாள். அடியில் ஒரு ஊறுகாய்ச் சாடியை வைத்துத் துணியால் சுற்றினாள். மாமா, மலைக்காய்ச்சல், யானை, அட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார்.

பெட்டியோடு என்னை மேலே கொண்டுபோய் விட அப்பா மட்டும் வந்தார். பள்ளிக் கொட்டகைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். துரைசானி ஜன்னலுக்குத் தன் கையாலேயே திரை தைத்துப் போட்டிருந்தார். அதை அப்பாவுக்குக் காட்ட அவருக்கு ஆசை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வுடின்ட் ஹி லைக் டு ஸீ ஹர் ரூம்?" என்று கேட்டார்.

"உள்ள வந்து அறையைப் பாருங்கன்னு கூப்பிடுறாங்கப்பா" என்றேன்.

அப்பா பெட்டியை வாசலில் இறக்கிவைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். படியில் கால் வைக்கவில்லை.

"வேணாம்த்தா. நீ படுக்கப்போற எடத்தப் பார்த்தேன்னா உன்னய விட்டுட்டுப் போக என்னால ஆகாது. கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

சொல்லிவிட்டு, டிரைவரிடம் "எடுப்பா, வெரசா எடு" என்றபடி ஜீப்பில் ஏறி, முகத்தை மறுபக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

துரைசானி கதவைப் பிடித்தபடி என் மொழிபெயர்ப்புக்காக நின்றிருந்தார். முழுதாகச் சொல்ல முயன்றால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. "ஹி டஸின்ட் வான்ட் டு ஸீ" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கியது. ஆசையாகத் தைத்த திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு, வளைவில் திரும்பிக்கொண்டிருந்த ஜீப்பைப் பார்த்தார். மகளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு எட்டிக்கூடப் பார்க்காமல் போகும் ஒரு மனிதர் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஐ ஸீ" என்றார்.